கனம்

கிவு ஏரிக்கு மேலே, மலைச்சரிவில்,
காப்பிப்பழம் கழுவும் நிலையத்தில்
நான் தராசுக்காரன்.
பெயர் செகமானா. வயது நாற்பத்தொன்று.
ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் கட்டைக்குரல்.

மகிமை என்ற சொல் வரும்போதெல்லாம்
குழுத்தலைவி கையை உயர்த்தியபடியே நிற்பாள்.
மூச்சு முட்டும்வரை நீட்ட வேண்டும்.
தகரக்கூரை அதிரும். எனக்கு அது பிடிக்கும்.
திங்கட்கிழமை வேலைக்கு வரும்போதும்
அந்த அதிர்வு நெஞ்சில் கொஞ்சம் மிச்சமிருக்கும்.
அதோடுதான்
கூடைக்கு ஒரு கிலோ கழிப்பேன்.

வெறுங்கூடை எழுநூறு கிராம்.
மீதி முந்நூறு எங்கே போகிறது என்று
யாரும் கேட்டதில்லை.
எனக்கும் தெரியாது என்று சொல்ல ஆசைதான்.
பருவக் கடைசியில் மேலாளர் தரும் உறைக்குள் போகிறது.
என் வீட்டுக் கூரைக்கு, மகளின் பள்ளிக்காலணிக்கு,
காணிக்கைப் பைக்கும்கூட.

அது ஒரு புதன்கிழமை.
தரிசனம் எதுவும் இல்லை. முட்செடி எரியவில்லை.
மழை விட்டிருந்தது. மின்சாரம் போயிருந்தது.
மின்தராசு செத்துக் கிடக்க
பழைய கொக்கித் தராசை உத்திரத்தில் மாட்டினேன்.
முகந்தோலி வந்தாள்,
முதுகில் பிள்ளை, தலையில் கூடை.
கொக்கியில் மாட்டிவிட்டுக் கையை எடுக்க மறந்து நின்றாள்.
"கையை எடு" என்றேன்.

அப்போது ஏரிக்கு அப்பால்
காங்கோ மலைகளின் மேல் மேகம் கிழிந்து
அந்தி வெயில் கொட்டகைக்குள் நேரே நுழைந்தது.
பழம் ஒவ்வொன்றின் மேலும் ஒரு துளி.
துளி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வானம்.
அவள் நகக்கண்ணில் இருந்த சேற்றுக்கும்
ஓரத்தில் பொன் பூசியிருந்தது.
பிள்ளை விழித்து என்னைப் பார்த்தது.
முள் ஆடிக்கொண்டே இருந்தது.

உமக்கே கனம் என்று பாடுகிறவன்
கனத்தில் கை வைக்கிறேன்.

இதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.
முள் நிற்கும்வரை நின்றேன்.
பன்னிரண்டும் நூறு கிராமும்.
கூடைக்கு எழுநூறு போக
பதினொன்று நானூறு என்று எழுதினேன்.

அவள் சீட்டை இரண்டு முறை பார்த்தாள்.
பிறகு தராசைப் பார்த்தாள்.
"கெட்டுப்போய்விட்டதா?" என்றாள்.
வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
நான் அடுத்த கூடையை வாங்கிக்கொண்டேன்.

ஆண்டவரே,
அந்த வெளிச்சம் மறுநாள் வரவில்லை.
அதற்கு மறுநாளும் இல்லை.
சேறு, ஈ, வரிசையில் சண்டை,
கிகாலி லாரியின் ஆரன்.
மேலாளர் என்னை இரவுக்காவலுக்கு மாற்றப்போவதாகச்
சொல்லி அனுப்பியிருக்கிறார்.
கூரையில் இரண்டு தகடு இன்னும் பாக்கி என்று
மனைவி நினைவூட்டுகிறாள், கோபமில்லாமல்.
அதுதான் தாங்கவில்லை.

வெயில் வராத மாலைகளில்
பேனா தானாகவே பழைய கணக்குக்குச் சாயும்.
அப்போது நான் பாட்டை முணுமுணுப்பதில்லை.
ஜெபமும் செய்வதில்லை.
அன்று பார்த்தது இன்று இல்லாமல் போய்விடவில்லை,
மேகத்துக்குப் பின்னால் இருக்கிறது என்று
எனக்கே சொல்லிக்கொண்டு
முள் நிற்கக் காத்திருக்கிறேன்.
கூடைக்கு நாலு நொடி.
என் ஆராதனையின் நீளம் அவ்வளவுதான்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது.
ஆறு பருவங்கள். முந்நூறு முந்நூறாய்.
முகந்தோலியின் பெயருக்கு நேரே
நாற்பத்தாறு கிலோ எண்ணூறு கிராம்.
அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.
அவள் சோப்ரானோ வரிசையில்
எனக்கு முன்னால் நிற்பவள்.

நாளை ஞாயிறு.
அந்தச் சொல் வரும், கை உயரும்.
எல்லாரும் நீட்டும்போது
என் குரல் பாதியில் நின்றால்
அவள் திரும்பிப் பார்ப்பாள்.
பார்க்கட்டும்.